டலூலாவில் தண்ணீர் ஏன் இல்லை? அட்லாண்டா தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்லாண்டாவிலும், ஆல்ஃபரெட்டா, கம்மிங், ஜான்ஸ் கிரீக், டுலூத் பக்கங்களிலும் குடியிருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம்.

நீண்ட வார இறுதி வந்துவிட்டால் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் டலூலா பள்ளத்தாக்குப் படங்கள் வரிசைகட்டி வந்து விழும். தொங்குபாலத்தில் நின்று ஒரு குடும்பப் படம், படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் மாமியார் படம், அப்புறம் பாறைகளுக்கு நடுவே ஒல்லியாக ஓடும் ஓர் ஓடை. கூடவே ஒரு குறையும் வரும்: "தண்ணியே இல்லங்க, இதுக்கா ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தோம்?" உடனே யாராவது சமாதானம் சொல்வார்கள்: "இப்ப சீசன் இல்ல போல. மழை பேஞ்சதும் போய்ப் பாருங்க."

அந்தச் சமாதானத்துக்குத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். குற்றாலத்தில் சாரல் பொய்த்தால் வானத்தைத்தான் நொந்துகொள்ள முடியும். டலூலாவில் நிலைமை வேறு. அருவிகளுக்கு மேலே ஓர் அணை இருக்கிறது. அதிலிருந்து பள்ளத்தாக்குக்குள் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பது, மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த உரிமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1996-ல் கொடுத்த அந்த உரிமத்துக்கு ஆயுள் 40 வருடம். 2036-ல் அது முடிகிறது. புதுப்பிக்கும் வேலை ஐந்து வருடம் முன்னதாகவே தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் நாமும் வாய் திறக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆனால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் நின்ற ஹோட்டல்களின் கதையைச் சொல்லாமல் இந்தக் கோரிக்கையை மட்டும் வைத்தால், ஏதோ குடும்பச் சுற்றுலாவுக்குச் சலுகை கேட்கிற மாதிரி இருக்கும். அதனால் கதையிலிருந்தே வருகிறேன்.

ஜார்ஜியாவின் வடகிழக்கு மூலையில், ரேபன், ஹேபர்ஷாம் என்ற இரண்டு கவுன்ட்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல்லையில் டலூலா ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு மைல் நீளம், ஆழம் ஏறத்தாழ 1,000 அடி. உள்ளே ஆறு அருவிகள்: லாடோர், டெம்பெஸ்டா, ஹரிகேன், ஓஷியானா, பிரைடல் வெயில், ஸ்வீட் சிக்ஸ்டீன். இவற்றில் ஹரிகேன்தான் பெரியது, 96 அடி. தொங்குபாலத்திலிருந்து படியிறங்கிப் போய் நாம் பார்ப்பது அதைத்தான். ஒரே மைலில் ஆறு 500 அடி இறங்கிவிடுகிறது. இந்த 500 அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரன் வந்ததும் இதைப் பார்த்துத்தான், மின்சாரக் கம்பெனி வந்ததும் இதைப் பார்த்துத்தான்.

இது அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் நிலம். 1819 ஒப்பந்தத்தில் அது அவர்கள் கையைவிட்டுப் போனது. அடுத்த வருடமே ஜார்ஜியா அரசு அந்த நிலத்தைத் துண்டுபோட்டு லாட்டரிச் சீட்டு எடுத்து வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. ஆம், குலுக்கல் முறையில். 1838-ல் எஞ்சியிருந்த செரோக்கிகளையும் ராணுவத்தை வைத்து மேற்கே துரத்தினார்கள். இதைத் தள்ளிவைத்துவிட்டு 'பழைய பொற்காலம்' என்று எந்தப் பேச்சையும் நான் தொடங்க விரும்பவில்லை.

ரயில் வருவதற்கு முன்பே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். குதிரையிலும் வண்டியிலும் நாள்கணக்கில் மலைப்பாதையில் குலுங்கி வந்திருக்கிறார்கள். ஜார்ஜ் குக் என்ற ஓவியர் 1841-ல் இங்கே வந்து அருவிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் நம் மாநிலத்து ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் யாராவது அங்கே யு.ஜி.ஏ.-வில் (ஜார்ஜியா பல்கலைக்கழகம்) படித்தால், அடுத்த முறை விடுதியில் விடப் போகும்போது எட்டிப் பாருங்கள். முன்பக்கப் பாறையில் சின்னஞ்சிறு மனித உருவங்கள், கீழே வெள்ளையாகக் கொட்டும் தண்ணீர். அதே கோணத்தில் இன்று போனில் படம் எடுத்தால் பாறைதான் தெரியும்.

1882-ல் ரயில் வந்தது. அதோடு எல்லாம் மாறியது. கார்னீலியாவிலிருந்து மலையேறி வந்த அந்த இருப்புப்பாதை பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே வந்து நின்றது. அதே வருடம் ஏதென்ஸ்காரரான ரூஃபஸ் மாஸ் என்பவர் ரயில் நிலையத்தையொட்டி கிளிஃப் ஹவுஸ் என்ற பெரிய ஹோட்டலைக் கட்டினார். முழுக்க மரக்கட்டிடம், நீளவாக்கில் தாழ்வாரம், அதில் சாய்வு நாற்காலிகள். ரயிலை விட்டு இறங்கினால் ஹோட்டல், ஹோட்டலை விட்டு நடந்தால் பள்ளத்தாக்கு. மலை ஏறும் கஷ்டமெல்லாம் ரயிலோடு போய்விட்டது. மாஸ் செய்ததில் பெரிய வியாபார மூளை இதுதான்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். கிராண்ட் வியூ வந்தது, இன்னும் பல ஹோட்டல்கள், சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விடும் வீடுகள் என்று பத்துக்கும் மேற்பட்டவை அந்தச் சின்ன ஊரில் முளைத்தன. தெற்கின் நயாகரா என்று விளம்பரம் செய்தார்கள். சவானா மாதிரிக் கடலோர ஊர்களில் கோடையென்றால் வெக்கையும் கொசுவும் மட்டுமல்ல, மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்தே வரும். வசதியுள்ள குடும்பம் பெட்டி படுக்கையோடு மலைக்கு ஏறிவிடும். ஒருநாள் கூத்து இல்லை அது, வாரக்கணக்கில் தங்கல். காலையில் வழிகாட்டியோடு பள்ளத்தில் இறங்குவது, மத்தியானம் ஏறி வந்து தூங்குவது, சாயங்காலம் தாழ்வாரத்தில் அரட்டை, இரவில் நடனம். பெண்கள் தரையைக் கூட்டும் நீளப் பாவாடையோடு அந்தப் பாறைச் சரிவில் எப்படி இறங்கினார்கள் என்று படங்களைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். நாம் ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டு, இரும்புக் கைப்பிடி போட்ட படிக்கட்டில் இறங்குவதற்கே முனகுகிறோம்.

ஹோட்டல்காரர்கள் ஒவ்வொரு பாறைக்கும் பேர் வைத்து விற்றார்கள். சாத்தானின் பிரசங்க மேடை, சூனியக்காரியின் தலை, காதலர் குதித்த பாறை என்று ஊர் முழுக்கப் பெயர்ப்பலகை. காதலர் குதித்த கதையை நான் நம்பவில்லை. அமெரிக்காவில் உயரமான பாறை இருக்கும் ஊரிலெல்லாம் ஒரு காதல் ஜோடியைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

கூட்டம் சேர்க்கக் கயிற்றின்மேல் நடக்க ஆள் பிடித்ததும் உண்டு. 1886 ஜூலை 24 அன்று புரொஃபசர் லியோன் என்ற பட்டப்பெயர் கொண்ட ஒருவர் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கயிற்றில் நடந்தார். பாதி வழியில், கயிறு ஆடாமல் பிடித்துக்கொள்ளும் பக்கக் கயிறுகளில் ஒன்று விட்டுப்போனது. தடுமாறி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து அக்கரை சேர்ந்தார். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1970 ஜூலை 18-ல், 65 வயதான கார்ல் வாலண்டா அதே பள்ளத்தாக்கைக் கம்பியில் கடந்தார், நடுவழியில் இரண்டு முறை தலைகீழாக நின்றும் காட்டினார். அவருக்காக நிறுத்திய இரும்புக் கோபுரத்தின் மிச்சம் வடக்கு விளிம்பில் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கிறது. பார்வைமேடைக்குப் போகிற வழியில் பலர் அதைப் பழைய மின்கம்பம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பூங்காவின் கண்காட்சிக் கூடத்தில் விக்டோரிய கால உல்லாச ஊரின் படங்கள் அழகாக மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைத் தொப்பிகள், குடைகள், மீசைகள். பார்க்கும்போது நமக்கும் கொஞ்சம் ஏக்கம் வந்துவிடும். அந்த ஏக்கம் எனக்கு ஒட்டவில்லை. அது ஜிம் க்ரோ காலத்து ஜார்ஜியா, நிறம் பார்த்து ஆட்களைப் பிரித்துவைத்த காலம். நம் நிறத்தில் ஒருவர் அந்தத் தாழ்வாரத்தில் கால் வைத்திருந்தால், நாற்காலியா போட்டிருப்பார்கள்? தட்டைக் கையில் கொடுத்து, போய்ப் பரிமாறு என்றிருப்பார்கள். ஆகவே ஹோட்டல்கள் போனதற்காக நான் இங்கே அழவில்லை. அவை எதை நம்பிப் பிழைத்தனவோ, அது எப்படிக் கைமாறியது என்பதுதான் விஷயம்.

ஹோட்டல்காரர்கள் விளிம்பு நிலத்தை வாங்கினார்கள், கட்டிடம் கட்டினார்கள், நாற்காலி போட்டார்கள். ஆனால் விருந்தாளி காசு கொடுத்தது கட்டிலுக்காக இல்லை, தண்ணீருக்காக. தண்ணீர் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் இல்லை. அது எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இரவு அறைக்குள் படுத்தாலும் அந்த இரைச்சல் கேட்கும். இந்த ஊரின் தொழிலே அந்தச் சத்தத்தின்மேல் நடந்த தொழில்.

1900-களின் தொடக்கத்தில் அட்லாண்டா வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. தெருவில் டிராம், கடையில் மின்விளக்கு, ஆலைகளில் மோட்டார். மின்சாரம் வேண்டும். ஒரே மைலில் 500 அடி விழும் ஆறு சும்மா இரைந்துகொண்டிருப்பதைப் பொறியாளர்கள் பார்த்தார்கள். இயற்கை அழகைக் காக்க மாநில அரசே இந்த இடத்தை வாங்கிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பணமில்லை என்று அது நின்றுபோனது. மின்சாரக் கம்பெனியிடம் பணம் இருந்தது. நிலத்தை வாங்கி 1910-ல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஹெலன் டார்ட்ச் லாங்ஸ்ட்ரீட் கதைக்குள் வருவது இங்கேதான். இவரைப் பற்றி நம் ஆட்களில் அதிகம் பேருக்குத் தெரியாது, பூங்காவின் நடைபாதைகளுக்கே அவர் பெயர் வைத்திருந்தும். உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் தளபதிகளில் ஒருவராக இருந்த ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்டின் இரண்டாவது மனைவி. 1897-ல் கல்யாணம் ஆனபோது அவருக்கு 34, தளபதிக்கு 76. ஏழு வருடத்தில் விதவையானார். கெய்ன்ஸ்வில்லில் தபால் அலுவலகத் தலைவர் பதவி கிடைத்தது. பாதுகாப்பான அரசு வேலை, மரியாதையான பெயர். பேசாமல் இருந்திருக்கலாம்.

அவர் இருக்கவில்லை. 1911 முதல் அணைக்கு எதிராகத் துண்டறிக்கை, பத்திரிகை, பொதுக்கூட்டம், சட்டமன்றம் என்று ஒரு கதவு விடாமல் தட்டினார். ஜார்ஜியாவில் இயற்கைப் பாதுகாப்புக்காக நடந்த முதல் பெரிய போராட்டங்களில் ஒன்று அது. அவருடைய வாதத்தில் எனக்குப் பிடித்த இடம், அழகைப் பற்றிய பேச்சு அல்ல, பட்டாவைப் பற்றிய பேச்சு. 1820 லாட்டரிக்காக நிலத்தை அளந்தபோது சர்வேயர்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கி அளக்கவில்லை. விளிம்போடு சங்கிலியை நிறுத்திக்கொண்டார்கள். அளக்காத நிலத்தை யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. அப்படியானால் பள்ளமும் ஆறும் இன்னும் அரசுக்கே, அதாவது மக்களுக்கே சொந்தம். கம்பெனி வாங்கினேன் என்று காட்டுவது செல்லாது. தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு நடையாய் நடந்த எந்தத் தமிழருக்கும் இந்த வாதத்தின் கூர்மை புரியும்.

அரசும் வழக்குப் போட்டது. 1913-ல் ரேபன் கவுன்ட்டியின் தலைநகரான கிளேட்டனில் விசாரணை. உள்ளூர் ஜூரி கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஜூரியைத் திட்டுவது சுலபம். ஆனால் மலையில் சோளம் போட்டுப் பிழைத்த ஜனங்கள் அவர்கள். ஹோட்டல் கோடையில் மட்டும் வேலை கொடுத்தது. அணையும் சுரங்கமும் வருடம் முழுக்கக் கூலி கொடுத்தன. நம்மில் எத்தனை பேர் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்போம்?

அதே 1913-ல் லாங்ஸ்ட்ரீட்டின் தபால் அலுவலகப் பதவியும் போனது. புதிய அதிபர் வில்சன் அதை நீட்டிக்கவில்லை. டலூலாவுக்காகப் பேசியதன் விலை அது என்றே அவர் நினைத்தார். ஆளோ சளைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது எண்பது வயதில் பெல் விமானத் தொழிற்சாலையில் ரிவிட் அடிக்கும் வேலைக்குப் போனார். 1962-ல்தான் காலமானார்.

இனி எந்திரம். 126 அடி உயர அணை ஆற்றை மறித்தது. மறித்த தண்ணீரை, பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு, பாறையைக் குடைந்த ஒரு மைலுக்கும் மேற்பட்ட சுரங்கத்தில் செலுத்தினார்கள். சுரங்கத்தின் அடுத்த முனையில் ஏறத்தாழ 600 அடி குழாயில் விழுந்து டர்பைனைச் சுற்றிவிட்டு, அருவிகளுக்கெல்லாம் கீழே போய் மறுபடி ஆற்றில் சேரும். புரிகிறதா? தண்ணீர் எங்கும் காணாமல் போகவில்லை. அருவிகள் இருக்கும் இரண்டு மைலை மட்டும் தவிர்த்துவிட்டு, மலைக்குள்ளேயே விழுகிறது. அன்றைக்கு அது அட்லாண்டாவின் டிராமை ஓட்டியது. பிறகு அதே ஆற்று வரிசையில் பர்ட்டன், நக்கூச்சி, டெரோரா, டுகலோ, யோனா என்று மேலும் ஐந்து அணைகள், 1927-க்குள் எல்லாம் முடிந்தன.

ஹோட்டல்கள் ஒரே நாளில் சாகவில்லை. ரயில் ஏற்கெனவே 1907-ல் வடகரோலினாவின் ஃபிராங்க்லின் வரை நீண்டுவிட்டதால் டலூலா கடைசி நிலையமாக இல்லாமல் வழி நிலையமாகிவிட்டது. கார் வந்தது. வாரக்கணக்கில் தங்கும் பழக்கம் தேய்ந்தது. இவற்றோடு அருவியின் சத்தமும் நின்றது. எது எவ்வளவு கொன்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அருவியை மட்டும் காரணம் சொல்வது லாங்ஸ்ட்ரீட்டுக்கு நியாயம், வரலாற்றுக்கு முழு நியாயமில்லை. 1921-ல் ஊரில் தீ பிடித்தது. மரத்தால் கட்டிய ஊர். பெரும்பகுதி எரிந்து போனது, திரும்பக் கட்டக் கணக்குக் கூடவில்லை. 1961-ல் ரயிலும் நின்றது. பூங்காவுக்குள் சைக்கிள் ஓட்டத் தார் போட்ட ஷார்ட்லைன் பாதை இருக்கிறதே, பழைய தண்டவாளம் போன தடம்தான் அது.

பணக்காரர்களின் கோடை வாசம் மட்டும் இடம் மாறி வாழ்கிறது. அதே அணைகள் உண்டாக்கிய பர்ட்டன், ரேபன் ஏரிக்கரைகளில் இன்று படகுத்துறையோடு கூடிய மாளிகைகள். அருவிக்கரை ஹோட்டலை அழித்த தண்ணீர் ஏரிக்கரை வீட்டுக்கு விலை ஏற்றிக் கொடுத்திருக்கிறது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் படகில் போகும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

சரி, தண்ணீர் எப்படிக் கொஞ்சமாவது திரும்பி வந்தது? 1986-ல் அமெரிக்க காங்கிரஸ் மின்சக்திச் சட்டத்தைத் திருத்தியது. அணைக்கு உரிமம் கொடுக்கும்போது மின்சாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, மீன், சுற்றுச்சூழல், மக்களின் பொழுதுபோக்கு எல்லாவற்றையும் சமமாக எடைபோட வேண்டும் என்று வந்தது. 1993-ல், இந்த அணையை நடத்தும் ஜார்ஜியா பவர் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் மாநிலப் பூங்கா பிறந்தது, சுமார் 2,700 ஏக்கர். 1996-ல் உரிமம் புதுப்பிக்கப்பட்டபோது கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் விடாப்பிடியாக மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். எத்தனை பேர் அவர்கள்? இந்த நாட்டு ஜனத்தொகையில் கண்ணுக்கே தெரியாத கூட்டம். ஆனால் கூட்டங்களுக்கு வந்தார்கள், மனு எழுதினார்கள், எண்ணிக்கை காட்டினார்கள். அதனால் கிடைத்தது இதுதான்:

சாதாரண நாளில் பள்ளத்தாக்கில் விடும் தண்ணீர் விநாடிக்கு 35 முதல் 40 கன அடி. மேட்டூர்ச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு அது எவ்வளவு சொற்பம் என்று சொல்லத் தேவையில்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குறிப்பிட்ட சில நாட்களில், பார்வைக்காக மட்டும், 200 கன அடி. கயாக்காரர்களுக்காக ஏப்ரல் முதல் இரண்டு வார இறுதிகளிலும் நவம்பர் முதல் மூன்று வார இறுதிகளிலும் சனிக்கிழமை 500, ஞாயிறு 700 கன அடி.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மேலே நிற்கும்போதே, மரங்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்துவிடும். தொங்குபாலம் ஆற்றுக்கு 80 அடி மேலே இருக்கிறது, அங்கேயும் பக்கத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். ஹரிகேன் அருவியின் முகப்பில் வெயிலில் பாறையாகத் தெரியும் இடமெல்லாம் வெள்ளையாக மூடிக்கொள்ளும். வண்ணக் கயாக்குகள் ஒவ்வொன்றாக ஓஷியானாவின் சரிவில் மூக்கைக் குத்தி மறைந்து மறுபடி மிதந்து வரும், கரையில் நிற்கிற கூட்டம் கத்தும். ஹோட்டல் விருந்தாளி எதற்குக் காசு கொடுத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கும்.

இப்போது கோரிக்கை. அணையை இடிக்கச் சொல்லவில்லை. இந்த நிலையத்தின் மொத்தத் திறன் 72 மெகாவாட். 2023-லும் 2024-லும் ஓடத் தொடங்கிய, ஜார்ஜியாவிலேயே உள்ள வோக்டில் அணு உலைகளில் ஒவ்வொன்றும் 1,100 மெகாவாட்டுக்கு மேல். அன்றைக்கு நகரத்தையே ஓட்டிய டலூலா, இன்றைக்கு அந்த உலை ஒன்றில் பதினைந்தில் ஒரு பங்கு. அதற்காக அதை அற்பம் என்றும் சொல்ல மாட்டேன். நீர்மின்சாரத்தை நினைத்த நிமிடத்தில் எழுப்பலாம், நிறுத்தலாம். ஜூலை மாலையில் நாமெல்லாம் ஒரே நேரத்தில் ஏசியைத் தட்டும்போது அந்த 72-க்கு மதிப்பு அதிகம். புகையும் இல்லை.

நான் கேட்பது கோடைக்காலத்தில் சில நாட்கள். இன்றைய அட்டவணையில் கோடை மாதங்களுக்கென்று கூடுதல் தண்ணீர் இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து நிற்பது அப்போதுதான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அந்தக் காலத்து ஹோட்டல்களுக்கும் அதுதான் சீசன். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, காலை நேரம் மட்டும், 200 கன அடி. மின்தேவை உச்சத்துக்குப் போவது பிற்பகலில்தான் என்பதால் காலை நேரத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துவிட்டேன். கம்பெனியிடமிருந்து வருவதைவிட நம்மைப் போன்ற பார்வையாளர்களிடமிருந்தே அதிகம் வரலாம். தண்ணீர் திறக்கும் நாளில் பள்ளத்தின் அடித்தளத்துக்கு யாரையும் விடமாட்டார்கள். மற்ற நாட்களில் தினமும் 100 பேருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு உண்டு. காலையிலேயே போய் வரிசையில் நின்று வாங்குகிறவர்கள், பிரைடல் வெயில் அருவிச் சரிவில் வழுக்கி விளையாடுகிறவர்கள், எல்லாருக்கும் கோடைச் சனிக்கிழமை முக்கியம். அவர்களிடமிருந்து மாதம் இரண்டு காலைகளைப் பிடுங்குகிறோம். பேசித்தான் தீர்க்க வேண்டும். பெர்சிஸ்டன்ட் டிரில்லியம் என்ற அருகிவரும் சிறு பூச்செடி உலகிலேயே இந்த டலூலா, டுகலோ ஆற்றுப் பகுதியில்தான் வளர்கிறது. கோடையில் கூடும் கூட்டம் பாதையை விட்டு விலகி அதை மிதித்துவிடக் கூடாது என்று பூங்காக்காரர்கள் கவலைப்பட்டால் அதுவும் ஞாயமான கவலைதான்.

செய்ய வேண்டியது எளிது. உரிமம் முடிவதற்கு ஐந்து முதல் ஐந்தரை வருடம் முன்பாக, அதாவது 2031 வாக்கில், நிறுவனம் தன் விருப்பத்தை ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும். அதன்பிறகு பொதுக்கூட்டங்கள் நடக்கும், எழுத்துக் கருத்துகளும் வாங்குவார்கள். கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. ஹெச்-1பி-யில் இருப்பவரும் எழுதலாம், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் எழுதலாம். கம்மிங் பக்கம் இருப்பவர்கள் பலருக்கு ஜார்ஜியா பவர் பில் வராது, சானி இ.எம்.சி. என்ற மின்சாரக் கூட்டுறவு அமைப்பின் பில்தான் வரும். அது ஒரு தடையே இல்லை.

ஒரே மாதிரி அச்சடித்த மனுவில் நூறு கையெழுத்து போடுவதைவிட, இருபது குடும்பம் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதுவது மேல். எந்த மாதம் போனீர்கள், என்ன பார்த்தீர்கள், யாரைக் கூட்டிப் போனீர்கள், எந்த நாளில் எத்தனை கன அடி வேண்டும் என்று தெளிவாக எழுதினால், ஆணையம் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. படங்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டு மறந்துபோகிற அந்த ஒல்லி ஓடைப் படம்தான் நாளைக்குச் சான்று.

அதுவரை, இந்த நவம்பரில் முதல் மூன்று வார இறுதிகளில் ஒன்றுக்குப் போய் வாருங்கள். கிளம்புமுன் பூங்காவின் அறிவிப்பில் தண்ணீர் திறக்கும் தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். காலை எட்டரைக்குள் போகாவிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஹரிகேன் அருவிக்கு இறங்கும் படிகளில் முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இறக்காதீர்கள், வடக்கு விளிம்பின் பார்வைமேடைகளிலிருந்தே அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2031 வேலைக்குச் சேர்ந்துகொள்ள விருப்பமுள்ளவர்கள் இந்த மடலுக்குக் கீழே பெயரையும் கவுன்ட்டியையும் மட்டும் குறிப்பிடுங்கள். முதல் அறிவிப்பு வந்ததும் தேதிகளைத் தமிழில் எழுதி அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்